உபயமும் உளிக்குறியும்

எமது கிராமத்து வாசிகசாலையில் நீண்ட வாங்கு ஒன்று உண்டு. சாய்ந்துகொள்ள முதுகுச் சட்டமும் இருபுறமும் கைதாங்கிகளும் அமைந்த தேக்குமர வாங்கு. ஐவர் நெருக்கமின்றி அமர்ந்து பத்திரிகை வாசிக்கலாம். தேர்தற் காலமாயின் எண்மர் அமர்ந்து வாதாடலாம். முதுகுச் சட்டத்தின் நடுவிலே, அதனை வழங்கியவரின் பெயர் 'உபயம்' என்னும் சொல்லுடன் வெள்ளை வர்ணத்தில் எழுதப்பட்டுள்ளது. எழுத்து மங்கும்போதெல்லாம் எவரேனும் ஒருவர் அதன்மேல் மீண்டும் வர்ணந் தீட்டி வந்திருக்கின்றனர். வாங்கின் கால்களை அவ்வாறு கவனித்தவர் எவருமிலர்.

கவனியாமையின் பலன் ஒருநாள் வெளிப்பட்டது. பின்காலொன்றின் அடியைக் கறையான் தின்றிருந்தது. வலப்புறத்து மூட்டுத் தளர்ந்து, அமர்வோர் அசையுந்தோறும் வாங்கு முனகியது. நிருவாகக் குழுவின் கூட்டத்திலே, அதனை விறகுக்குக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் கதிரைகள் வாங்கலாம் என்றனர் சிலர். திருத்தலாம் என்று வாதித்தவர் நாம். ஆதலால் திருத்தும் பொறுப்பும் எம்மையே சார்ந்தது.

அப்பொறுப்பை நாம் முதலில் நிறைவேற்றிய விதம் வெட்கத்துக்குரியது. ஆயினும் அதனையே முதலிற் சொல்லுதல் முறை. பட்டினத்துக் கடையொன்றில் இரு குழாய்களில் அடைத்து விற்கப்படும் எப்பொக்சிப் பசையை வாங்கி வந்தோம். இரண்டையும் கலந்து, தளர்ந்த மூட்டின் வாயில் நிரப்பினோம். அதுவும் போதாதென்று நான்கு இரும்பாணிகளை அறைந்தோம். மறுநாள் வாங்கு இம்மியும் அசையவில்லை. கரும்பலகைக்கு முன் நின்றே பழகிய எமக்கு, கைத்தொழிலும் கைவந்துவிட்டதென்ற இறுமாப்பு உண்டாயிற்று.

இரண்டு மாதங்களின் பின், மூவர் ஒருங்கே சாய்ந்தபோது வெடியோசை போன்றதோர் ஒலி எழுந்தது. பசை விடவில்லை, மரம் பிளந்துவிட்டது. முன்னர் மூட்டு மாத்திரம் தளர்ந்திருந்த இடத்தில், இப்போது காலின் மேற்பகுதி ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது; சட்டத்தின் முனையும் உள்ளே முறிந்திருந்தது.

அதன் பின்னரே, முதலிற் செய்திருக்கவேண்டியதைச் செய்தோம். அயற் கிராமத்தில் வாழும், எழுபது வயதைக் கடந்த ஓடாவியார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வாங்கைச் சுற்றி வந்தார்; குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்; நகத்தால் எமது பசையைச் சுரண்டிப் பார்த்தார். பின்னர் சொன்னார்:

"மாஸ்ரர், ஆணியைக் கழட்டிப் போடலாம். உந்தப் பசையை என்னெண்டு கழட்டுறது? பிறகு வாறவனுக்கு ஒரு வழி விட வேண்டாமோ?"

பழைய பசையைப் பற்றி அவர் எமக்குச் சொன்னவற்றையும், அதன் பின் நாம் தேடிக் கற்றவற்றையும் இங்கே சேர்த்துச் சொல்கின்றோம்.

தச்சர் பட்டறையின் பழைய பசைக்கு வச்சிரம் என்று பெயர். இந்திரனின் ஆயுதத்துக்கும் வைரமணிக்கும் உரிய அப்பெயரை, விலங்குகளின் தோலையும் எலும்பையும் நீரிற் காய்ச்சி இறக்கிய பசைக்கு இட்டவர்கள் தமது தொழிலின் மதிப்பை அறிந்தவர்களாகவே இருத்தல் வேண்டும். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதமே இதன் உயிர். உலகின் மிகப் பழைய பசைகளுள் இதுவும் ஒன்று. எகிப்தின் தீப்ஸ் நகரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டில் அமைச்சனாயிருந்த ரெக்மிரே என்பவனின் கல்லறைச் சுவரிலே, அடுப்பின்மேல் பசைப்பானை இருக்க, மெல்லிய மரத்தகட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் தச்சர்கள் தீட்டப்பட்டுள்ளனர். அமைச்சனின் பெயரை உலகம் அறியும். பசை காய்ச்சியவனின் பெயரை எவரும் அறியார்.

வச்சிரத்தின் குறையும் நிறையும் ஒன்றே: அஃது ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் இளகும். காய்ந்த நிலையில் மரத்தைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் அப்பசை, வெந்நீரும் ஆவியும் பட்டால் மீண்டும் கூழாகிவிடும். இளகிய பழைய படிவின்மேல் புதிய வச்சிரத்தைப் பூசினால் இரண்டும் ஒன்றாகும். எனவே, நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பூட்டிய மூட்டை, இன்று இன்னொருவர் மரத்துக்குச் சேதமின்றித் திறக்கலாம், திருத்தலாம், மீண்டும் பூட்டலாம்.

இன்றைய பட்டறைகளில் பெரிதும் வழங்கும் வெள்ளைப் பசை, பொலிவைனைல் அசற்றேற்று என்னும் இரசாயனப் பொருளால் ஆனது. 1912இல் ஜேர்மனியில் பிரிற்ஸ் கிளாற்றே என்பவர் கண்டறிந்த பொருள் இது. கலக்க வேண்டியதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை என்ற வசதி அதற்குண்டு. சூட்டுக்கு ஓரளவு இளகவுஞ் செய்யும். எனினும், காய்ந்த அதன் படிவின்மேல் புதிய பசை சரிவர ஒட்டாது. முழுவதையும் சுரண்டியெடுத்த பின்னரே மறுபடி ஒட்டலாம். எப்பொக்சியோ இறுகிவிட்டாற் பின்னர் கரைவதில்லை. நவீன இரசாயனத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. மழையில் நிற்கும் கதவுக்கும் கடலில் ஓடும் வள்ளத்துக்கும் வச்சிரம் உதவாது. எங்கே எது பொருந்தும் என்பதை அறியாது, பலமானது என்று விளம்பரம் கூறுவதை எல்லாவற்றுக்கும் பூசிய எமது அறியாமையே பழிக்கத்தக்கது. மூட்டிலே பசை மரத்தைக் காட்டிலும் விட்டுக்கொடாததாயின், விசை வரும்போது உடைவது மரமே.

இதற்குச் சான்று அந்த வாங்கிலேயே இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். மறு ஆண்டு நாம் திரும்பி வந்தபோது வாசிகசாலையின் கூரை பாதி இல்லை. அந்த மாரி முழுவதும் வாங்கு மழையில் நனைந்திருந்தது. மூட்டுகள் சில கழன்றிருந்தன. மரம் எதுவும் முறியவில்லை. எவரோ அதனைக் கயிற்றால் வரிந்து கட்டி மூலையில் வைத்தனர். வெயிலில் உலர்ந்தபின் ஓரளவு தானே இறுகியது. வச்சிரம் விட்டுக்கொடுத்தமையால் மரம் பிழைத்தது. பதினைந்து வாரப் பெருமழை செய்யாத தீங்கை எமது ஒரு நாள் வேலை செய்துவிட்டது.

ஓடாவியார் வேலையைத் தொடங்கினார். முதலில் ஆணிகளைப் பிடுங்கினார். இரும்பு உள்ளிருக்கச் சுத்தியலால் தட்டினால் மரம் ஆணியின் வழியே கிழியும் என்றார். பின்னர் நல்ல மூட்டுகளின்மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, அதன்மேற் சூடான இரும்பை வைத்தார். ஆவி உள்ளே இறங்கும்வரை காத்திருந்தார். இளகாத இடங்களில், மெருகு பூசுவோர் பயன்படுத்தும் மதுசாரத்தைத் துளித்துளியாக விட்டார். அஃது உலர்ந்த வச்சிரத்தின் ஈரத்தை உறிஞ்சி அதனை நொறுங்கச் செய்யும். அதன் பின்னரே, இடையில் ஒரு மரத்துண்டை வைத்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒரு தட்டு, ஒரு நிதானம், மீண்டும் ஒரு தட்டு. அவசரப்பட்ட எம்மைக் கையால் தடுத்தார். மூட்டு ஒவ்வொன்றாக வாய் திறந்தது. நாம் எப்பொக்சி நிரப்பிய மூட்டு மாத்திரம் திறக்கவில்லை. அதனை உளியால் வெட்டியே எடுக்கவேண்டியதாயிற்று. பசையோடு நல்ல மரமும் போயிற்று.

மூட்டைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கினால் அது கழுந்து. அந்நாக்கு நுழைவதற்கென மற்ற மரத்தில் உளியால் வெட்டும் வாய் பொளி. திறந்த கழுந்துகளை நாம் துடைத்தபோது, முதலாவதன் தோளில் உளியால் வெட்டிய கீறு ஒன்றைக் கண்டோம். அது நுழைந்திருந்த பொளியின் அருகிலும் ஒரு கீறு. அடுத்த இணையில் இரண்டு கீறுகள், அடுத்ததில் மூன்று. வாங்கைச் செய்தவர், ஒவ்வொரு கழுந்தையும் அதற்குரிய பொளிக்கென்றே தனித்தனியாக அளந்து செதுக்கி, மாறிவிடாதபடி குறியிட்டிருக்கிறார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அந்தக் குறிகளை எவரும் கண்டதில்லை. வெள்ளை வர்ணத்து உபயம் வெளியே எல்லோருக்கும் தெரிய இருந்தது; உழைத்தவரின் குறி உள்ளே, மூட்டின் இருளில் இருந்தது. எமது சமுதாயத்தில் பெருமைகள் பங்கிடப்படும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகம் ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை.

வாங்கு என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதிக்கப்படாது நிலத்தில் இருத்தப்பட்ட காலம் மிகத் தொலைவில் இல்லை. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் 'சம ஆசனம், சம போசனம்' என்ற கோரிக்கை எழுந்தபோது, அதனைப் பொறுக்காதோர் பாடசாலைக் கொட்டில்களுக்கே தீ வைத்தனர். சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டோர் பொலிசாரின் அடியை ஏற்க நேர்ந்தது. தேநீர்க் கடைகளின் கதிரைகளும் கோயில்களின் வாசல்களும் போராடியே திறக்கப்பட்டன. எமது வாசிகசாலையிலும் ஒரு காலத்திற் சிலர் படிக்கட்டோடு நின்று, உள்ளே ஒருவர் உரத்து வாசிக்கும் பத்திரிகையைக் கேட்டுச் சென்றனர் என்று மூத்தோர் கூறுவர். இந்த வாங்கு அவர்களுக்கு மறுக்கப்பட்ட வாங்கு.

ஆகவே, பழையது என்ற ஒரே காரணத்துக்காக இதனைப் போற்ற எம்மால் இயலாது. நன்றாகச் செய்யப்பட்ட பொருள், நீதியின்றிப் பயன்படுத்தப்பட்டது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர், உளுத்த மரத்தின்மேல் வர்ணம் பூசுபவரே.

உளுத்த மரத்தை ஓடாவியார் எவ்வாறு அணுகினார் என்பதையும் பார்ப்போம். கறையான் தின்ற காலை அவர் கூரிய குத்தூசியால் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டே சென்றார். ஊசி எளிதில் இறங்கியவரை உளுத்தது. தடைப்பட்ட இடத்தில் வைரம். தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது. வெளிறுக்கு அப்பாதுகாப்பு இல்லை. வாங்கைச் செய்தவர் அக்காலின் ஒரு மூலையில் வெளிறு கலந்த மரத்தைப் பயன்படுத்தியிருந்தார். அதன் வழியாகவே கறையான் புகுந்தது. நல்ல கைக்கும் தவறு உண்டு.

ஊசி தடைப்பட்ட இடத்துக்கும் இரண்டு விரல் மேலே கோடிட்டு, அதன் கீழ் உள்ளதை இரக்கமின்றி அறுத்தெறிந்தார். "கொஞ்சம் விட்டு வெட்டலாமே" என்றோம். "பழுதிலை கொஞ்சம் விட்டு ஒட்டினால், புது மரமும் சேர்ந்து பழுதாப் போகும்" என்றார். அதேவேளை, முழுக்காலையும் மாற்றிவிடலாம் என்ற எமது அடுத்த யோசனையையும் அவர் ஏற்கவில்லை. மேற்பகுதி உறுதியாய் இருக்கையில் அதனை எறிவதும் மரத்துக்குச் செய்யும் அநியாயமே. சீர்திருத்தமா, புரட்சியா என்று எமது இடதுசாரி நண்பர்கள் இந்த வாங்கில் அமர்ந்தே பல இரவுகள் விவாதித்ததுண்டு. அவ்விவாதத்தை ஒரு வாங்குக்கால் தீர்த்துவைக்கும் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும், எங்கே அறுப்பது என்பதைக் குத்திப் பார்த்தே அறியவேண்டும், தூரத்தில் நின்று தீர்மானிக்க இயலாது என்ற அளவில் அக்கால் எம்மனைவருக்கும் ஆசான்.

மாற்றுத் துண்டுக்குப் புதிய மரத்தை அவர் விரும்பவில்லை. இடிந்த வீடொன்றின் யன்னற் சட்டத்திலிருந்து பழைய தேக்கைத் தேடிக் கொணர்ந்தார். மரம் ஈரத்துக்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்கும் இயல்பினது. நாரின் குறுக்கே அம்மாற்றம் மிகுதி, நெடுக்கே மிகச் சொற்பம். உலராத புதிய மரத்தையோ, நார் வேறு திசையில் ஓடும் துண்டையோ ஒட்டினால், இரண்டும் வேறுவேறு அளவிற் சுருங்கி ஒட்டைப் பிரித்துவிடும். நாரின் முனை வெட்டோடு முனை வெட்டைச் சேர்த்து ஒட்டினாலும் நில்லாது. நார்த்துளைகள் பசையைக் குடித்துவிடும். எனவே, இரு துண்டுகளையும் பாதிக்குப் பாதி படியாக வெட்டி, நாரின் பக்கங்கள் ஒன்றையொன்று அணையுமாறு அமைத்து, குறுக்கே இரண்டு மர ஆணிகளைச் செலுத்தினார். வளைவைத் தாங்கவேண்டிய சட்டமாயின், தடிப்பைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக வெட்டியே இணைக்கவேண்டும் என்றும் கூறினார்.

முறிந்த கழுந்துக்கு வேறு வழி. முறிந்த அடியைச் சமமாக அறுத்துவிட்டு, சட்டத்தின் முனையிலும் ஒரு பொளி வெட்டினார். இரு பொளிகளுக்கும் பொதுவாகத் தனிக் கழுந்து ஒன்றைச் செதுக்கி இடையிற் செருகினார். பழைய பசையைச் சுரண்டும்போது மரத்தைத் தொடாதிருக்க அவர் பட்ட சிரமம் பெரிது. மயிரிழையளவு மரம் குறைந்தாலும் மூட்டுத் தளரும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருத்தலால், ஒட்டும் முகங்களை அப்போதுதான் சீவி, மதுசாரத்தால் துடைத்தார்.

வச்சிரம் அவரிடம் ஒரு தகரப் பேணியில் இருந்தது, பழுப்புக் கற்கண்டு போல. முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்திருந்தார். நீர் நிறைந்த சட்டிக்குள் பசைப் பேணியை வைத்துச் சூடாக்கினார். நேரே நெருப்பிற் காட்டவில்லை, கொதிக்கவும் விடவில்லை. அறுபது பாகை வெப்பம் போதும். அதற்கு மேற் சென்றால் பசையின் வலு கெடும். பூசிய பின் ஓரிரு நிமிடங்களே அவகாசம், ஆறினால் கட்டியாகிவிடும். அதனாலேயே, பசையின்றி இருமுறை எல்லாவற்றையும் பூட்டிக் கழற்றி ஒத்திகை பார்த்துவிட்டார். பூட்டியபின் கயிற்றைச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினார். ஒரு முழு நாள் எவரும் தொடக்கூடாது என்றார்.

பூட்டுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் தற்செயலாகவே கண்டோம். முறிந்த கழுந்து ஐந்தாவது இணையைச் சேர்ந்தது. புதிய கழுந்திலும் அவர் உளியால் ஐந்து கீறுகளை இட்டார். "ஏன், இனி யார் பார்க்கப் போயினம்?" என்று கேட்டோம். "திறக்கிறவன் பார்ப்பான்" என்றார்.

பின்னர் கூலி பேசும் படலம் வந்தது. பிளாஸ்ரிக் கதிரைகளுக்குக் கடைக்காரர் கூறிய விலையைக் குறைத்துக் கேட்க நினையாத நிருவாகக் குழு, இரண்டரை நாட் கூலியில் அரை நாளைக் குறைக்கலாமோ என்று ஆராய்ந்தது. புத்தகம் படித்தவர்களாகிய நாம் உடலுழைப்பின் மகிமையைப் பற்றி மேடைகளில் முழங்குகின்றோம். உழைப்பவர் எதிரே வந்து நின்று கூலி கேட்டால், எம் குரல் ஏனோ தாழ்ந்துவிடுகின்றது. அரை நாளுக்காக நாம் வாதாடவேண்டியிருந்தது, வென்றோம். அது பெரிய வெற்றியன்று.

இவ்விடயம் ஒரு வாங்கோடு முடிவதாயின் இத்துணை நீட்டி எழுதியிரோம். இன்று எமது மாணவரின் வீடுகளுக்குச் சென்றால், மரத்தூளைச் செயற்கைப் பிசினிற் குழைத்து அழுத்திய துகட்பலகையாலான மேசைகளையும் அலுமாரிகளையும் காண்கின்றோம். மேலே தேக்கின் படம் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். தவணைப் பணத்துக்கு வாங்கியவை. ஒரு மாரியின் ஈரம் அடியில் ஊறினால் அப்பலகை பொருமிப்போகும். பொருமியது திரும்ப அமிழாது. திருகாணி மீண்டும் பிடிக்காது. வெட்டி மாற்றுவதற்கு அதில் நாருமில்லை, வைரமுமில்லை. பொருள் குப்பைக்குப் போன பின்னரும் தவணை மீந்திருக்கும். வசதியுள்ளவன் திருத்தத்தக்க மரத்தை வாங்குகிறான். இல்லாதவன் திருத்தவியலாததை மீண்டும் மீண்டும் வாங்குகிறான். வறுமை மேலும் வறுமையை ஈனும் வழிகளுள் இதுவும் ஒன்று. அதனோடு, திருத்தத் தெரிந்த கைகளுக்கும் வேலை அற்றுப்போகின்றது. எமது ஓடாவியாரின் மகன் தந்தையின் உளியைத் தொட்டதில்லை. அதற்காக அவனைக் குறைகூறும் உரிமை எமக்கில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் பாடசாலையின் மூலையில் கால் முறிந்த வாங்குகள் அடுக்கிக் கிடக்கலாம். அவற்றுக்கு ஆணி அறையும் முன், அவற்றைத் திறக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, மாணவரை அருகில் இருத்தி, அவர் செய்வதைப் பார்க்கச் செய்யுங்கள். எது உளுத்தது, எது வைரம் என்று குத்திப் பார்க்கவும், உளுத்ததை முற்றாக அறுக்கவும், நல்லதைக் காக்கவும், பிறகு வருபவன் திறக்கக்கூடியதாகப் பூட்டவும் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். மரத்தில் அதனைக் கற்றவர்கள் வேறிடங்களிலும் அதனைப் பயன்படுத்துவார்கள் என்ற நம்பிக்கை எமக்கு உண்டு.

வாங்கு மீண்டும் வாசிகசாலையில் நிற்கின்றது. படிக்கட்டில் நின்று பத்திரிகை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருவர் அதில் அமர்ந்து பரீட்சைக்குப் படிக்கின்றனர். உபயத்துக்குப் புதிய வர்ணம் தீட்டவேண்டும் என்ற பிரேரணை குழுவின் முன் இருக்கின்றது. செய்தவரின் பெயர் தெரியாதாயினும், 'தச்சர் கைவேலை' என்ற இரு சொற்களை அதன் கீழே சேர்க்கவேண்டும் என்று நாம் திருத்தப் பிரேரணை ஒன்றைச் சமர்ப்பித்துள்ளோம்.